ஈக்கஞ்சியில மருந்து கூடலை

எட்டாவது படிக்கும்போதே எங்க ஊர் பாடு நோட்டை நான்தான் எழுதினேன். என் கையெழுத்து முத்து முத்தா இருக்கும்னு தோணிரேவு ஊர் பூரா பேச்சு. அதுல எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. பாடுன்னா வேற ஒண்ணும் இல்லை. ஏரியில இறால் நல்லா விழுற இடம் கொஞ்சந்தான். எல்லாரும் ஒரே நாள்ல அங்க போய் வலை கட்டினா ஒருத்தனுக்கும் ஒண்ணும் தேறாது, பின்னாடிக்கு இறாலும் மிஞ்சாது. அதனால இன்னிக்கு இந்தக் கூட்டம், நாளைக்கு அந்தக் கூட்டம்னு முறை வெச்சிருக்காங்க. அடக்குறதுக்கு வெளியேர்ந்து யாரும் வர்றதில்லை. வலை வெச்சிருக்கவனே தன் முறை இல்லாத நாள்ல வலையைச் சுருட்டி வெச்சுட்டு வீட்ல உட்காந்திருப்பான்.

அந்த நோட்டுல ஒவ்வொரு வரியும் அப்பன் பேர்ல ஆரம்பிக்கும். நடுவுல ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் மகன் பேர். பாடு உரிமை அப்பன்கிட்டேர்ந்து மகனுக்குத்தான் போகும், அதனால பொம்பளைங்க பேரே அதுல கிடையாது. எங்கம்மா இடுப்பளவு தண்ணியில உட்காந்து உட்காந்து நகர்ந்து, சேத்தைக் கையால தடவி இறால் பிடிக்கிறவ. "இன்னா நைனா, அம்மா பேரு எங்க?"ன்னு ஒரு தடவை கேட்டேன். "அவ எங்க போய்ட்டா? தோ, அடுப்பாண்டதான கீறா"ன்னாரு நைனா. நானும் சிரிச்சுட்டு அடுத்த பேரை எழுதினேன்.

இதை எதுக்குச் சொல்றேன்னா, பின்னாடி நான் பண்ணின தப்பு இந்த நோட்டுலேர்ந்துதான் கிளம்புச்சு. அதுக்காக நோட்டு மேல பழியைப் போட்டுட்டுத் தப்பிச்சுக்க மாட்டேன். பழி போடுற வேலையை ஒரு தடவை பண்ணியாச்சு. அதுவே போதும்.

எம்.எஸ்சி. முடிச்சதும் சென்னையில ஒரு ஆராய்ச்சிக்கூடத்துல இடம் கிடைச்சுது. வாழைப்பழத்து மேல மொய்க்குமே பொடி ஈ, அதை வளர்த்து ஆராய்ச்சி பண்ற இடம். வீட்ல சொன்னப்ப அண்ணன் விழுந்து விழுந்து சிரிச்சான். "ஈ ஓட்டுறதுக்கா இம்மா படிப்பு படிச்ச?"ன்னான். போடான்னு சொல்லிட்டு பொட்டியைத் தூக்கிக்கிட்டு பொன்னேரி பஸ் ஏறினேன்.

முதல் வாரம் எங்க சார் என்னை உட்கார வெச்சுப் பாடம் சொன்னாரு. உயிருள்ள எல்லாத்தோட மரபணுச் சரத்துலயும் சில துண்டுங்க இருக்குமாம். அதுங்க இருந்த இடத்துல சும்மா இருக்காது. தன்னையே வெட்டி எடுத்துக்கிட்டு வேற இடத்துல போய்ச் சொருகிக்கும். வெட்டுற கத்தியைச் செய்யறதுக்கான குறிப்பும் அந்தத் துண்டுக்குள்ளேயே இருக்கும். இஷ்டத்துக்குக் குதிச்சுக்கிட்டே இருந்தா சரம் பூரா பொத்தலாகி ஈ பாழாகும். ஈ போச்சுன்னா துண்டுக்கும் போக்கிடம் இல்லை. அதனால அது தன்னைத்தானே அடக்கிக்குதுன்னாரு சார். ஈயோட உடம்புல பெரும்பாலான இடத்துல முழுக் கத்தியைச் செய்யாம, பாதியில நின்னுபோன ஒரு மொண்ணைக் கத்தியைச் செய்யுதாம். மொண்ணையால வெட்ட முடியாது. ஆனா துண்டை மேற்கொண்டு வேலை செய்ய விடாமத் தடுக்கும். காலப்போக்குல உடைஞ்சு பாதியாப் போன பழைய துண்டுங்களும் இதே மாதிரி முட்டுக்கட்டை போடுமாம்.

எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. "சார், இது எங்க ஊர் பாடு சார்!"னு கத்திட்டேன். வலை வெச்சிருக்கவனே வலையைச் சுருட்டி வெக்கிற கதையை நான் சொல்லச் சொல்ல அவர் முகம் பூரிச்சுப்போச்சு. மத்த பசங்களையெல்லாம் கூப்பிட்டு மறுபடி சொல்லச் சொன்னாரு. அன்னிக்கே அந்த வேலையை என்கிட்ட ஒப்படைச்சாரு. படிச்சுட்டு வான்னு நாலு கட்டுரையையும் கையில குடுத்தாரு. முதல் கட்டுரையில பாதியைப் படிச்சேன். மீதியை எதுக்குப் படிக்கணும், நான் பொறந்து வளர்ந்த சமாச்சாரமாச்சேன்னு மூடி வெச்சுட்டேன். அந்த வயசுல எனக்குத் தலைக்கனம் அப்படி.

ஆராய்ச்சிக்கூடத்துல வேலை பாத்த அக்காவைப் பத்தி இப்பச் சொல்லணும். ஈக்குக் கஞ்சி காய்ச்சுறது அவங்க வேலை. ஆரம்பாக்கத்துலேர்ந்து தினம் காலையில ரயில் ஏறி வருவாங்க. மக்காச்சோள மாவு, சர்க்கரை, ஈஸ்ட், கெட்டியாகிறதுக்குக் கடல்பாசிப் பொடி, எல்லாத்தையும் பெரிய குண்டான்ல போட்டுக் கிண்டுவாங்க. கடைசியில பூஞ்சை புடிக்காம இருக்க ஒரு மருந்து ஊத்தணும். சூட்டோட ஊத்தினா மருந்து ஆவியாப் போயிடும், ஆறவிட்டா கஞ்சி உறைஞ்சுடும். அக்கா புறங்கையைக் குண்டான் மேல வெச்சுப் பாத்து, மனசுக்குள்ள எண்ணி, சரியான நேரத்துல ஊத்துவாங்க. அளவுக்குழாயை மட்டும் ரெண்டு தடவை வெளிச்சத்துல தூக்கிப் பாப்பாங்க. ஆறு வருஷமா ஒரு புட்டி பூஞ்சை புடிச்சதில்லை, ஒரு புழு செத்ததில்லை.

ஏரிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவங்க. அதனால ஒட்டிக்கிட்டோம். "இன்னா பாப்பா, சாப்ட்டியா?"ங்கிறதுதான் காலையில முதல் பேச்சு. டப்பாவுல நண்டுத் தொக்கு கொண்டாந்தா எனக்குன்னு ஒரு பங்கு கண்டிப்பா இருக்கும். கையில அவ்வளவு ருசி அவங்களுக்கு. அந்த வருஷம் அவங்களை நிரந்தர வேலைக்கு எடுக்கறதுக்கான ஃபைல் ஆபீஸ்ல நகர்ந்துக்கிட்டு இருந்துச்சு. "அது மட்டும் வந்துடட்டும் பாப்பா, பையனை ஐ.டி.ஐ.ல சேத்துட்டு நான் நிம்மதியா மூச்சு வுடுவேன்"னு சொல்லுவாங்க.

என் வேலை என்னன்னா, துண்டு உள்ள ஈயையும் துண்டே இல்லாத ஈயையும் சேர்த்து, அதுங்களுக்குப் பொறக்குற பொட்டை ஈ எத்தனை முட்டை போடுதுன்னு எண்ணணும். துண்டு அடங்கிக் கிடந்தா நிறைய முட்டை போடும். அடங்கலைன்னா போடாது. முதல்ல அடங்கின ஈக்களை நிறைய உண்டாக்கணும்னு சொல்லி, சார் போர்டுல எழுதினாரு. இடது பக்கம் துண்டு உள்ள ஈ. நடுவுல பெருக்கல் குறி. வலது பக்கம் துண்டு இல்லாத ஈ.

அந்த உலகத்துல இடது பக்கம் எழுதுறது தாய். எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதிங்கறதால யாரும் சொல்லலை. எல்லாம் தெரிஞ்சவளாச்சேன்னு நானும் கேக்கலை. என் கண்ணுக்கு அது பாடு நோட்டு. இடது பக்கம் அப்பன். அடக்கமும் அப்பன்கிட்டேர்ந்துதான வரும், எங்க ஊர்ல அப்படித்தான! துண்டு உள்ள ஜாடியிலேர்ந்து ஆண் ஈயை எடுத்தேன், இல்லாத ஜாடியிலேர்ந்து பொட்டை ஈயை எடுத்தேன். போர்டுல இருந்த வரியை அப்படியே முத்து முத்தா நோட்டுல எழுதிக்கிட்டேன்.

குட்டி ஈங்க நல்லாத்தான் வந்துச்சு. பாக்க ஒரு குறையும் இல்லை. முட்டை எண்ணுறதுக்குன்னு கறுப்பு திராட்சைச் சாறு கலந்து அக்கா தனியாச் சின்னச் சட்டியில கஞ்சி காய்ச்சித் தருவாங்க. வெள்ளை முட்டை அந்தக் கறுப்புல பளிச்சுனு தெரியும். பொட்டை ஈங்களை அதுல விட்டேன். மறுநாள் பாத்தா ஒண்ணும் இல்லை. அதுக்கு மறுநாளும் இல்லை. வழவழன்னு கறுப்பாக் கெடந்து, ஓரம் சுருங்கிக் காய்ஞ்சுபோச்சு. மூணு தடவை திருப்பித் திருப்பிப் பண்ணினேன். மூணு மாசம் தண்டமாப் போச்சு. ஹாஸ்டல்ல தலகாணியில மூஞ்சை வெச்சு அழுதேன். என் உதவித்தொகையை நீட்டிக்கிறதா வேணாமான்னு முடிவு பண்ற மாசம் வேற அது.

சார் நோட்டை வாங்கிப் பாத்தாரு. "போர்டுல போட்டபடிதான சேர்த்த?"ன்னாரு. "அப்படியே சார், ஒரு எழுத்து மாறலை"ன்னேன். அதுல பொய் இல்லை. இவ்வளவு நல்லாப் புரிஞ்சுக்கிட்ட பொண்ணு இதுல கோட்டை விடாதுன்னு அவர் நம்பியிருப்பாரு. மத்தவங்க ஈயெல்லாம் பொதுக் கஞ்சியில நல்லா இருந்துச்சு. என் ஈ மட்டுந்தான் தனிச் சட்டிக் கஞ்சி. மருந்து கூடிப்போனா ஈ முட்டை போடாது. அவர் யோசனை அங்க போச்சு.

"கஞ்சியில வாசனை ஏதாவது வித்தியாசமாத் தெரிஞ்சுதா?"ன்னு கேட்டாரு.

நான் எந்த வாசனையும் பாக்கலை. மோந்து பாக்கணும்னே தோணினதில்லை. ஆனா அவர் அப்படிக் கேட்டதும், தண்ணியில முழுகறவளுக்குக் கையில கட்டை கிடைச்ச மாதிரி இருந்துச்சு. "ஆமா சார், கொஞ்சம் காட்டமா இருந்துச்சு"ன்னேன். வாய் தானாப் பேசிடுச்சுன்னு சொல்லிக்க ஆசைதான். தானாப் பேசலை. நான்தான் பேசினேன்.

சார் கெட்டவர் இல்லை. கத்தலை, திட்டலை. ஆபீஸ்ல கேட்டப்ப, வேலையில கவனக்குறைவு இருந்ததா ஒரு வரி எழுதிக் குடுத்தாரு. நிரந்தர வேலை ஃபைல் திரும்பி வந்துடுச்சு. மாசக் கடைசியில ஒப்பந்தம் முடிஞ்சுது. புதுசாப் போடலை.

கடைசி நாள் அக்கா என்னைத் தேடி வந்தாங்க. சண்டைக்கு வந்தா பதில் சொல்லணும்னு தயாரா நின்னேன். அவங்க சண்டை போடலை. "பாப்பா, நீ மோந்து பாத்தியாமே. நெசமாவே காட்டமா இருந்துச்சா?"ன்னாங்க. தெரிஞ்சுக்கணுங்கிற தவிப்பு மட்டுந்தான் அந்தக் குரல்ல. "எனக்கு அப்படித் தோணுச்சுக்கா"ன்னேன், தரையைப் பாத்துக்கிட்டு. அவங்க வலது கை விரலைத் தூக்கி மோந்து பாத்தாங்க. அப்புறம் டப்பாவை என் மேசையில வெச்சுட்டு, "நண்டு கீது, துன்னு"ன்னு சொல்லிட்டுப் போய்ட்டாங்க.

அடுத்த வாரம் சாரே கஞ்சி காய்ச்சினாரு. அவரே ஈக்களையும் பிரிச்சாரு. பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். துண்டு உள்ள ஜாடியிலேர்ந்து பொட்டை ஈக்களை எடுத்து விட்டாரு. "சார், அதுலேர்ந்து ஆண் ஈதான எடுக்கணும்?"னு வாய் வரைக்கும் வந்துச்சு. கேக்காமயே அவர் பதில் சொன்னாரு. "முட்டை உண்டாகுற இடத்துல துண்டு முழுக் கத்தியைச் செய்யும்மா. அங்க அதை அடக்குறது தாய்தான். துண்டு உள்ள தாய், அந்தத் துண்டோட வரியிலேர்ந்தே உண்டான பொடிப்பொடித் துணுக்குகளை முட்டைக்குள்ள வெச்சு அனுப்புறா. அதுங்க போய்த் துண்டோட வாயை அடைச்சுடும். அப்பன் துண்டை மட்டுந்தான் குடுப்பான், அடக்கத்தைக் குடுக்கமாட்டான். மாத்திச் சேர்த்தா பொறக்குற பொண்ணுங்க மலடாப் போயிடும். ரூம் வெக்கையா இருந்தா இன்னும் மோசம். ரெண்டாவது கட்டுரையிலயே இருக்கே, படிச்சிருப்பியே."

"படிச்சேன் சார்"னேன்.

எங்க ரூம் ஏசி அந்தக் கோடை முழுக்க ஓடாமக் கெடந்துச்சு. பத்து நாள் கழிச்சு, அந்தக் குட்டிங்க போட்ட முட்டை கறுப்புக் கஞ்சி மேல ரவை சிந்தின மாதிரி கெடந்துச்சு. "பாத்தியா, கஞ்சிதான் காரணம்"னாரு சார். எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன். என் தப்பு என் கண்ணு முன்னால அக்காவோட தப்பா நிரூபணம் ஆச்சு. நான் மட்டும் வாயைத் திறந்திருந்தா அன்னிக்கே அவங்களைத் திரும்பக் கூப்பிட்டிருப்பாங்க. ஃபைலும் நகர்ந்திருக்கும். என் உதவித்தொகை போயிருக்கும், அவ்வளவுதான். அந்த அவ்வளவு எனக்கு அன்னிக்கு மலை மாதிரி தெரிஞ்சுது.

எங்க ஊர்ல முறை தப்பி வலை கட்டினவன் மறுநாள் தானே வந்து கோவில் முன்னால நிக்கணும். "நான்தான் கட்டினேன்"னு சொல்லணும். சொல்லிட்டா ஒரு முறையை விட்டுக்குடுத்துட்டு மறுபடி சேர்ந்துக்கலாம், யாரும் முகத்தைத் திருப்ப மாட்டாங்க. யாராவது பாத்துச் சொல்லி மாட்டிக்கிட்டாதான் அசிங்கம். அந்த மாதிரி நின்னவங்களை நான் சின்ன வயசுலேர்ந்து பாத்திருக்கேன். அந்த ஊர்ப் பெருமையைச் சொல்லித்தான் சார்கிட்ட நல்ல பேர் வாங்கினேன். அந்த சனிக்கிழமை ஊருக்குப் போனப்ப கோவில் பக்கமே போகாம பின் சந்து வழியா வீட்டுக்குப் போனேன்.

டாக்டர் பட்டம் வாங்கினேன். ஆய்வேட்டோட நன்றிப் பக்கத்தை ஒரு வாரம் எழுதினேன். சார் பேர், நைனா பேர், அண்ணன் பேர், ஹாஸ்டல் வார்டன் பேர் கூட இருக்கு. அம்மா பேரை மொத வரியிலேயே போட்டேன், நோட்டுல விட்டதுக்குப் பதிலா. அக்கா பேரை மூணு தடவை எழுதி மூணு தடவை அடிச்சேன். கஞ்சி காய்ச்சினவங்களுக்கு எதுக்கு நன்றின்னு யாராவது கேட்டா என்ன சொல்றதுன்னு பயம். இப்ப ஒரு காலேஜ்ல பாடம் நடத்துறேன். வருஷா வருஷம் இந்தத் துண்டுங்க தன்னைத்தானே அடக்கிக்கிற கதை வரும். பாடு கதையைச் சொல்லுவேன், பிள்ளைங்களுக்கு ரொம்பப் புடிக்கும். இடது பக்கம் தாய்ங்கிறதை மட்டும் பத்து தடவை சொல்லுவேன். ஏன் மேடம் இவ்வளவு அழுத்திச் சொல்றீங்கன்னு ஒரு பொண்ணு கேட்டா. பரீட்சைக்கு வரும்னு சொல்லி வாயை அடைச்சேன்.

போன மாசம் ஒரு மாணவி வீட்டு விசேஷத்துக்கு ஆரம்பாக்கம் போனேன். திரும்பி வர பஸ்ஸுக்கு நிக்கும்போது, "பாப்பா!"ன்னு ஒரு குரல். என்னிக்கும் மறக்காத குரல். அக்கா நல்லா இளைச்சுப்போய்ட்டாங்க, தலை முழுக்க வெள்ளை. கூடையில காய்கறி. என் கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போய்ட்டாங்க. விசேஷத்துல சாப்ட்டேன்னு சொன்னா கேக்கலை. "எம்மா நாள் கழிச்சு வந்துகீற, நண்டு துன்னாம போவியா?"

பையன் ஐ.டி.ஐ. போகலையாம். கம்பெனி வண்டி ஓட்டுறானாம். கல்யாணம் ஆயிடுச்சு. அதை ஒரு குறையாச் சொல்லலை, சும்மா சொன்னாங்க. நான் தரையில உட்காந்தேன். இன்னிக்குச் சொல்லிடணும்னு இருந்தேன். முதல் வார்த்தையைக் கூட யோசிச்சு வெச்சுட்டேன்.

சோத்தைப் போட்டு நண்டுக் குழம்பை ஊத்தினாங்க. அப்படியே முந்தானையை முறுக்கிக்கிட்டு எதிர்ல உட்காந்தாங்க. "மருமவ அம்மா வூட்டுக்குப் போய்ட்டா. அவ இருந்தா உப்பு, காரம் எல்லாம் அவ கைதான். நான் போடறதே இல்ல பாப்பா. என் கைக்கு அளவு தெரியலன்னு அன்னிக்கே ஆயிப்போச்சே"ன்னாங்க. அப்புறம், "ரெண்டு தபா வெளிச்சத்துல பாத்துதான் ஊத்தினேன். எப்டி கூடிச்சோ. உன் படிப்பையே கெடுக்கப் பாத்தேனே. மனசுல வெச்சுக்காத பாப்பா, மன்னிச்சுக்க"ன்னாங்க.

இத்தனை வருஷமா இவங்க தன் கையையே நம்பாம வாழ்ந்திருக்காங்க. நான் ஒரு வார்த்தை சொன்னா அந்தக் கை திரும்பக் கிடைச்சுடும். சொல்லுடி, சொல்லித் தொலைடின்னு உள்ள திட்டிக்கிட்டே சோத்தைப் பிசைஞ்சேன்.

ஒரு வாய் வெச்சேன். அக்கா என் வாயையே பாத்துக்கிட்டு இருந்தாங்க.

"உப்பு சரியா கீதா?"ன்னு கேட்டாங்க.

குழம்புல உப்பே இல்லை.

"சரியா இருக்குக்கா"ன்னேன்.

"நெசமாவா?"ன்னு முகமெல்லாம் சிரிப்பா, இன்னொரு கரண்டி ஊத்தினாங்க.